வினிகர் சேர்க்காத பன்றிக்கறி

தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைத்து முடித்த பிறகு மேவிஸ் தானாக ஒரு சாப்பாட்டின் பெயரைச் சொன்னது அந்தச் சனிக்கிழமைதான் முதல் தடவை. கின்ஸ்டன் சாலைப் பக்கம் யாரோ கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். வசந்த காலத்துச் சனிக்கிழமையில் யாரும் சுடாமல் இருந்தால்தான் அதிசயம். புகை வயலைத் தாண்டி ஜன்னல் வலை வரைக்கும் வந்தது. எந்த வாசனைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்பவள் இதற்குத் திருப்பிக்கொள்ளவில்லை.

"பன்னிக்கறி திங்கணும் போல இருக்கு லோனி," என்றாள்.

அவள் புருஷன் லோனி பின்வாசல் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் காலுறையுமாக எழுந்து உள்ளே வந்தான். "என்ன சொன்னே?"

"காது போச்சா? போனது என் தொண்டைதானே." குரல் இப்போதெல்லாம் கரகரவென்றுதான் வரும். நாலு வார்த்தைக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தாக வேண்டும். குடித்துவிட்டு, தையற்காரனிடம் அளவு சொல்கிறவள் மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். "மெத்துன்னு இருக்கணும். நாக்க வச்சு அழுத்துனா நசுங்கணும், பல்லுக்கு வேலையே இருக்கக் கூடாது. வினிகர் வேண்டாம். மிளகாய் வேண்டாம். வாயெல்லாம் புண்ணு. உப்பும் பாதி போட்டாப் போதும். வெளிய நெருப்புப் போட்டுறாத, புகை பக்கத்துல வந்தா இருமுவேன். ஓவன்ல வை."

"வினிகர் இல்லாம..." என்று இழுத்தான் லோனி.

"இல்லாமத்தான்."

"சரி கண்ணு. சத்தியமா."

அவன் வாயால் இப்படி ஒரு சத்தியம் வந்தது என்று வெளியே சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். லோனிக்குப் பிழைப்பு பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்ப்பது. ஆனால் அவன் பெயர் வெளியே தெரிந்தது அதனால் அல்ல. தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்ட வருஷத்துக்கு இரண்டு தடவை முழுப் பன்றியைச் சுட்டு விற்பார்கள். சுடுகிறவன் லோனி. அந்தக் கறிக்கு ஊற்றுகிற வினிகர் சாறும் அவனுடையது, அவன் அப்பா கற்றுக்கொடுத்தது. வினிகர், இடித்த மிளகாய், மிளகு, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, அவ்வளவுதான். அதற்காகவே கோல்ட்ஸ்போரோவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மேற்கே மலைப் பக்கத்து ஆட்கள் அதில் தக்காளியைக் கலக்கிறார்கள். அவர்களைப் பற்றி இங்கே யாரும் வாய் திறப்பதில்லை, அது ஒரு மரியாதை. ஆனால் அவர்கள்கூட வினிகரே இல்லாமல் பன்றிக்கறியைத் தட்டில் வைக்க மாட்டார்கள்.

அன்றைக்கு மேவிஸ் தக்காளி கேட்டிருந்தாலும் லோனி ஊற்றியிருப்பான். அந்த அளவுக்கு அவன் பயந்துபோயிருந்தான். வருகிற புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போன தடவை எடை பார்த்த டாக்டரம்மா, இன்னும் இறங்கினால் வயிற்றில் டியூப் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

"வயித்துல ஓட்டை போட்டு ஊத்துறதுக்கு நான் என்ன லாரியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள் மேவிஸ். திரும்பி வரும்போது வண்டியில், "நான் சம்மதிக்க மாட்டேன். எனக்குத் தெரியாம நீயும் தலையாட்டிறாத," என்றாள். டியூபும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றால் மிச்சம் என்ன என்று லோனிக்குத் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வாரமாகக் கஞ்சி, மசித்த சர்க்கரைவள்ளி, டப்பாவில் வருகிற சத்துப் பால் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தான். எல்லாவற்றிலும் ஒரு கரண்டி. "நல்லா இருக்கு, அப்புறம் சாப்பிடுறேன்." அந்த அப்புறம் ஒரு நாளும் வரவில்லை.

தேவாலயத்துப் பெண்கள் வேறு தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து ஃபிரிட்ஜை நிரப்பிவிட்டுப் போனார்கள். மேவிஸ் எதிரில் உட்கார்ந்து அதைச் சாப்பிட லோனிக்கு மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு போய்த் தன் வண்டிக்குள் உட்கார்ந்து தின்றான். அவள் இளைக்க இளைக்க இவன் பெருத்தான். பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போடும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அதனால் அன்றைக்கு அவள் கேட்டதுமே பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினான். எலும்போடு நல்ல தோள்பட்டைத் துண்டாகப் பார்த்து வாங்கிவந்து, கொழுப்பைக் கீறி, சொன்னபடி பாதி உப்பு மட்டும் தடவி வைத்தான்.

மறுநாள் ஞாயிறு. வெளுக்கும்போதே எழுந்து கறியை ஓவனுக்குள் தள்ளினான். வெளியே கரி நெருப்பு என்றால் அவன் ராஜா. உள்ளங்கையைக் காட்டியே சூடு சொல்லிவிடுவான். சமையலறைக்குள் அவன் விருந்தாளி. அது மேவிஸின் ராஜ்யம். கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அவள் உத்தரவு போட்டாள்.

"இடது பக்கம் சூடு ஜாஸ்தி. தட்டைத் திருப்பி வை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இதுல பிஸ்கட் கருக்குறது யாரு? நீயா?"

திருப்பி வைத்தான். நெருப்பைக் குறைவாக வைத்து, தட்டை இறுக மூடி, விட்டுவிட வேண்டும். இந்தத் துண்டுக்கு அதுதான் வழி. சும்மா இருப்பதுதான் பெரிய வேலை. பொறுமையில்லாதவன் தொட்டால் கறி செருப்புத் தோலாகப் போய்விடும். மேவிஸ் கொஞ்ச நேரம் ஓவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படுக்கப் போனாள். போகும்போது, "வாசனை வருது," என்றாள். குறை சொல்லவில்லை. லோனிக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனான்.

நண்பகலில் கறி நின்றுவிட்டது. எப்போதும் நிற்கும். உள்சூடு ஏறிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் முரண்டு பிடித்த கழுதை போல அசையாது. மணிக்கணக்காக அசையாது. அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் கெட்டி நாரெல்லாம் இளகும். இது தெரிந்த லோனியே அன்றைக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தான். நிற்பது கறி மட்டும் அல்ல என்று அவனுக்குப் பட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் டெல்பர்ட் வந்தான். தீயணைப்பு நிலையத்தில் லோனியின் கூட்டாளி. தேவாலயம் முடிந்து கோட்டும் டையுமாக, கையில் யாரோ கொடுத்துவிட்ட நூடுல்ஸ் தட்டோடு நேரே சமையலறைக்கு வந்தவன் மோப்பம் பிடித்தான். ஓவனைப் பார்த்தான். லோனியின் இடுப்பில் கட்டியிருந்த பூப்போட்ட ஏப்ரனைப் பார்த்தான்.

"ஆண்டவரே! பன்னிய வீட்டுக்குள்ள விட்டுட்டியா?"

"மெதுவாப் பேசு. தூங்குறா."

"நாளைக்குக் கேக்கு செய்வியா? எனக்குத் தேங்கா கேக்குன்னா உசுரு." சத்தமில்லாமல் சிரித்துவிட்டு, லோனியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "கேட்டாளா?"

"அவளே கேட்டா."

டெல்பர்ட் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "அப்ப இருக்கேன்," என்றான். வாயாடிதான், ஆனால் போகக் கூடாத நேரத்தில் போகத் தெரியாதவன். கொஞ்ச நேரம் கழித்து, "சூட்ட ஏத்தேன், மேவிஸ் பசியோட இருப்பாள்ல," என்றான்.

"கைய வச்சே, ஒடிச்சுப்புடுவேன்."

பொழுது சாய்ந்தபோது கறி மனசு வைத்தது. வெளியே எடுத்து, மூடியபடியே கொஞ்சம் ஆறவிட்டு, பிறகு லோனி எலும்பைப் பிடித்து லேசாக இழுத்தான். ஒரு நார்கூட ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. டெல்பர்ட் விசிலடித்தான். குழி அடுப்பில்கூட இப்படி ஒன்று அமைந்ததில்லை என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லவில்லை.

லோனி கையுறை மாட்டிக்கொண்டு, தட்டில் இறங்கியிருந்த சாற்றிலேயே கறியைப் பிய்க்க ஆரம்பித்தான். சூடு அடங்கும் முன் பிய்த்தால்தான் நூல் நூலாக வரும். டெல்பர்ட் பக்கத்தில் நின்று தேவாலயக் கதை சொன்னான். பிரசங்கம் எங்கேயோ போய் எங்கேயோ வந்தது, முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார், பாஸ்டர் அதை ஆமென் என்று நினைத்துக்கொண்டு இன்னும் உற்சாகமானார். லோனி பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

இத்தனை வருஷமாகத் தீயணைப்பு நிலையத்துக் கொட்டகையில் லோனி பிய்ப்பான், டெல்பர்ட் சாறு ஊற்றுவான். கேட்பதும் கிடையாது, சொல்வதும் கிடையாது. கறி நூலாகி மலைபோல் ஏறும்போது டெல்பர்டின் கை தானாக நீளும். அன்றைக்கும் நீண்டது. லோனி வீட்டு ஃபிரிட்ஜ் மேல், மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட சாற்றுக் கேன் எப்போதும் இருக்கும். பாஸ்டரின் குரலில் பேசிக் காட்டிக்கொண்டே டெல்பர்ட் அதை எடுத்தான், குலுக்கினான், தட்டு முழுவதும் வட்டம் வட்டமாக ஊற்றினான். லோனியின் கைகள் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலந்தன. புளிப்பும் காரமும் குப்பென்று எழுந்தன. அந்த வாசனை வராமல் இருந்திருந்தால்தான் இருவரும் என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்த்திருப்பார்கள். லோனி ஒரு நூலை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தான். சரியாக இருந்தது. அதுதான் கொடுமை.

நல்ல இளசான பாகமாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் வைத்து, கரண்டியால் மசித்து, மேவிஸை எழுப்பினான். அவள் தலையை வாரிக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தாள். வாரிக்கொண்டு வந்ததே பெரிய விஷயம்.

"வாங்க மிஸ் மேவிஸ்," என்றான் டெல்பர்ட். "இந்த ஓவன் கறியைப் பத்தி வெளிய மூச்சு விட மாட்டேன்."

மேவிஸ் கரண்டி நிறைய அள்ளினாள். ஒரு வாரமாக நுனியில் மட்டும் தொட்டு எடுத்தவள் நிறைய அள்ளி வாயில் வைத்தாள். லோனி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடினாள். கண்ணோரத்தில் தண்ணீர் வந்து கன்னத்தில் இறங்கியது.

"அழுவுறா பாருடா," என்று டெல்பர்ட் அவன் விலாவில் இடித்தான். "அவ்ளோ நல்லா இருக்கு."

லோனியும் அப்படித்தான் நினைத்தான். பாவி, ஒரு நிமிஷம் சந்தோஷம்கூடப் பட்டுவிட்டான். பிறகுதான் அவள் கை மேஜை விளிம்பை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்தான். விரல்கள் வெளுத்திருந்தன. அவன் ஆசையோடு நிற்கிறான் என்பதற்காக அவள் விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. கைக்குட்டையில் துப்பிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனுஷ சத்தமாகவே இல்லை.

"மேவிஸ்! என்ன? என்ன ஆச்சு?"

அவள் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். லோனி குனிந்து முகர்ந்தான். அப்போதுதான் அவன் மூக்குக்கு உறைத்தது.

தண்ணீர் கொடுத்தான், ஐஸ் கொடுத்தான். அவள் ஐஸை மட்டும் வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து படுக்கையறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. ஓங்கிச் சாத்தியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும்.

"நீதானடா ஊத்தினே!"

"நீதானடா கலந்தே!" டெல்பர்ட் திருதிருவென்று விழித்தான். "எனக்கு என்ன தெரியும்? வேண்டாம்னு சொல்லவே இல்லியே நீ!"

உண்மை, சொல்லவில்லை. வினிகர் இல்லாத பன்றிக்கறி என்று சொல்ல வாய் கூசியது. வீட்டுக்குள் ஓவனில் வைத்ததற்கே இவ்வளவு கிண்டல், இதையும் எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டான். அந்த வீம்பு இப்போது அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கு வேற வாங்கிக்கலாம்டா," என்றான் டெல்பர்ட். குரல் இறங்கிவிட்டது. "நானே போய் வாங்கிட்டு வரேன். காலைல ஏத்திரலாம்."

"நாளைக்குக் கேக்க மாட்டா."

"கேப்பா."

"மாட்டா டெல்பர்ட். இது இன்னைக்குப் பசி. இதுக்கே இவ்வளவு நாள் காத்துக் கெடந்தேன். இன்னைக்கு வாய் வெந்து போனவ நாளைக்குக் கரண்டியப் பாத்தாலே திரும்பிப் படுத்துக்குவா. புதன்கிழமை வந்துரும்."

தட்டு நிறையக் கறி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எலும்பில் ஒட்டியது கொஞ்சம் இருந்தாலும் சுரண்டிக் கொடுத்திருக்கலாம். ஒன்றும் ஒட்டாத அளவுக்கு அது பதமாக வெந்து தொலைந்திருந்தது. லோனி எழுந்தான். ஒரு வடிதட்டை எடுத்தான். இரண்டு கை கறியை அள்ளி அதில் போட்டு, குழாயடியில் வைத்து வெந்நீரைத் திறந்தான்.

டெல்பர்ட் முதலில் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் பதறிப்போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். "டேய்! என்ன பண்றே? கறியக் கழுவுறியா? வெந்த கறியையா?"

"கண்ண மூடிக்க."

"உன் சாறுடா அது! யாராச்சும் பாத்தா நம்ம பொழப்பு என்னாகும்?"

லோனி குழாயை இன்னும் திறந்துவிட்டான். சிவப்பும் மிளகாய் விதையுமாகத் தண்ணீர் ஓடியது. கையால் அலசி, லேசாகப் பிழிந்து, மறுபடி அலசினான். ஊர் கூடிப் புகழ்ந்ததெல்லாம் சாக்கடைத் துளையில் சுழன்றுகொண்டு போனது. அதைப் பார்க்க அவனுக்கு வருத்தமே இல்லை. இன்னும் வேகமாகப் போகவில்லையே என்றுதான் இருந்தது. விதை ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கினான், நாக்கில் வைத்துப் பார்த்தான், மறுபடி அலசினான். கடைசியில் உப்பில்லாத வெண்ணெய் கொஞ்சம் போட்டுச் சூடு காட்டி, நன்றாக மசித்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளினான்.

மேவிஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என் தப்புதான்," என்றான். "சத்தியம் பண்ணிட்டு மறந்தேன். கை பழக்கத்துல கலந்துருச்சு. திட்டு."

"திட்டத் தொண்டை வேணும்." சுவரைப் பார்த்துக்கொண்டே, "வாசனை வந்துச்சு. டெல்பர்ட் தட்டுக்குன்னு நெனச்சேன்," என்றாள். பிறகு திரும்பினாள். கிண்ணத்தைப் பார்த்தாள். உள்ளே இருந்தது வெளுத்துப்போய், பார்க்க ஒன்றும் அழகாக இல்லை. "இது என்ன?"

"அதே கறிதான். கழுவிட்டேன்."

"கழுவினியா?"

"ஆமா."

"நீயா? குழாய்லயா?"

லோனி தரையைப் பார்த்தான். கட்டில் குலுங்கியது. நிமிர்ந்து பார்த்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரித்தாலும் அவளுக்கு வலிக்கும். வலிக்க வலிக்கச் சிரித்தாள். "உங்கப்பா கல்லறைக்குள்ள எந்திரிச்சு உக்காந்திருப்பாரு."

"உக்காரட்டும்."

அவள் எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டு கையை நீட்டினாள். கரண்டி நுனியில் கொஞ்சமாக எடுத்து, உதட்டில் தொட்டுப் பார்த்து, பிறகு வாய்க்குள் வைத்தாள். லோனி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாக்கால் அழுத்தினாள். தொண்டை ஏறி இறங்கியது. தண்ணீர் குடித்தாள். மறுபடி எடுத்தாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயம். கிண்ணத்தின் அடியில் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

"நல்லா இருந்துச்சா?"

"பொய் சொல்லச் சொல்றியா? பழந்துணிய மென்ன மாதிரி இருக்கு." வெறும் கிண்ணத்தை அவனிடம் நீட்டினாள். "பாத்துக்கிட்டே நிக்காத. இன்னும் கொஞ்சம் கொண்டா."

லோனி சமையலறைக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. டெல்பர்ட் தட்டுக்குப் பக்கத்தில் காவல் நின்றுகொண்டிருந்தான். மிச்சக் கறியையாவது காப்பாற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று ஒரு டப்பாவைத் தேடி வைத்திருந்தான்.

"இன்னும் கேக்குறா," என்றான் லோனி.

டெல்பர்ட் அவன் கையில் இருந்த வெறும் கிண்ணத்தைப் பார்த்தான். டப்பாவை ஓரமாக வைத்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் தூக்கி, கறி முழுவதையும் குழாயடியில் கவிழ்த்தான்.